நம்ம பக்கம் வேட்டைக்கு எப்போ சீசன்? கண்மாய் வாத்து, ஐயாவோட துப்பாக்கி, முகப்புல மாட்டின மான் கொம்பு

தேவகோட்டை பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காப்ல. டெக்சாஸ்ல இருக்குற அவரோட மச்சான் செப்டம்பர் பொறந்தா புறா சீசன், நவம்பர்ல மான் சீசன்னு லைசென்ஸ் எடுத்து வேட்டைக்குப் போயி போட்டோவா அனுப்புறாராம், நம்ம ஊர்லயும் மழைக்கு அப்பறம் கண்மாய் நெறைய கிளுவை, தாரான்னு வாத்தா வந்து கெடக்கே, காட்டுக்குள்ள கௌதாரி கத்துதே, இதுக்கெல்லாம் எப்போ சீசன், லைசென்ஸ் யாருகிட்ட வாங்கணும், ஐயா வச்சிருந்த டபுள் பேரல் துப்பாக்கி பொட்டிக்குள்ள சும்மாதான் இருக்கு அத எடுக்கலாமான்னு கேள்வி. கூடவே போற போக்குல, முகப்புல மாட்டியிருக்குற மான் கொம்ப ஒரு பழைய சாமான் கடைக்காரர் வெலைக்கு கேக்குறாருன்னும் எழுதியிருக்காரு. எனக்கென்னமோ மத்த எல்லாத்த விட அந்த கொம்பு சமாச்சாரம்தான் அவசரமா பாக்க வேண்டியதுன்னு தோணுது.

மொதல்ல சீசன். நம்ம நாட்டுல வேட்டை சீசன்னு ஒண்ணு கெடையாது, வருஷம் பூரா மூடிதான் இருக்கு, லைசென்ஸ் குடுக்குற ஆபீஸரும் இல்ல. ஆனா ஐயா காலத்துல இருந்துச்சேன்னு நீங்க கேப்பீங்க, அது நெசந்தான். வெள்ளைக்காரன் காலத்துல 1912ல ஒரு சட்டம் போட்டு, இனப்பெருக்க மாசங்கள்ல சுடக்கூடாது, மத்த நாள்ல சுடலாம்னு வச்சிருந்தாங்க. 1972ல வனவிலங்கு பாதுகாப்பு சட்டம் வந்தப்பக்கூட சின்ன வேட்டை, பெரிய வேட்டைன்னு தனித்தனி லைசென்ஸ் இருந்துச்சு. 1991 திருத்தத்துலதான் அந்த லைசென்ஸ் பிரிவுகளையே மொத்தமா தூக்கிட்டாங்க. அதனால வீட்டுல பெரியவுங்க சொல்ற கதை பொய்யில்ல, ஆனா அந்தக் கதைய நம்பி இன்னைக்கு கண்மாய்க்கரைக்கு போனா கேஸ்தான்.

வேட்டைன்னா சுட்டுக் கொல்றது மட்டும்னு நெனைக்காதீங்க, இங்கதான் நெறைய பேரு மாட்டுறாங்க. உசுரோட புடிக்கிறது, கண்ணி வைக்கிறது, வலை கட்டுறது, வெஷம் வைக்கிறது, நாய விட்டு வெரட்டுறது, இதுக்கு முயற்சி பண்றது கூட சட்டத்துல வேட்டைதான், பறவைன்னா முட்டைய எடுக்குறது, கூட்டக் கலைக்கிறதும் அதுல சேத்தி. ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேணாம்னு கடையில சொல்லி விப்பாங்க, துப்பாக்கிக்கு வேணுமா வேணாமாங்குறது வேற சட்டம், அத வச்சு ஒரு கௌதாரிய அடிச்சா அது வேட்டைக் கேஸ்தான்.

அப்பறம் இந்த பாரிவேட்டை. பொங்கலுக்கும் சிவராத்திரிக்கும் சில ஊர்ல வலையும் கம்பும் எடுத்துக்கிட்டு முயல் வேட்டைக்கு கெளம்புறது உண்டு, காலங்காலமா வர்ற வழக்கம்னு வாதாடுவாங்க. வழக்கம்ங்குறதுக்கு இந்த சட்டத்துல விலக்கு கெடையாது. சாமி குதிரை வாகனத்துல போயி அம்பு போட்டுட்டு வர்றது ஒண்ணும் தப்பில்ல, அத நல்லா பண்ணுங்க. முயல் எல்லாம் சின்ன கேஸு, ஃபைன் கட்டிட்டு வந்துரலாம்னு பேச்சு இருக்கே, அதுவும் பழைய கணக்கு. 2022ல திருத்தி 2023 ஏப்ரல் 1ல இருந்து நடைமுறைக்கு வந்த, எந்த உசுருக்கு எவ்வளவு பாதுகாப்புன்னு சொல்ற அட்டவணைப்படி முயல், கௌதாரி, காட்டுப்பன்னி எல்லாம் ரெண்டாவது அட்டவணை, மயில் மொத அட்டவணை. ரெண்டாவதுன்னா மூணு வருஷம் வரைக்கும் ஜெயில் இல்லாட்டி ஒரு லட்சம் வரைக்கும் ஃபைன், ரெண்டும் சேத்தும் போடலாம். மொத அட்டவணைன்னா கொறைஞ்சதே மூணு வருஷம், ஏழு வரைக்கும் போகும், ஃபைன் 25,000த்துக்கு கொறையாது. சரணாலயத்துக்குள்ள எந்த உசுர வேட்டையாடுனாலும் இதே பெரிய தண்டனைதான். போன வண்டியும் பறிமுதலுக்கு போயிரும், அத திருப்பி எடுக்க அலையிற அலைச்சல் தனி.

சரணாலயம்னதும் ஞாபகம் வருது, உங்களுக்கு வாத்தும் நாரையும் பாக்கணும்னா நம்ம சிவகங்கை மாவட்டத்து திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிக்கு போங்க, 1977ல இருந்து சரணாலயம், கொள்ளுகுடிப்பட்டி கண்மாய்ல நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன் எல்லாம் கூடு கட்டியிருக்கும். அந்த ஊர்க்காரங்க பறவைக்காக தீவாளிக்கு வெடியே போடுறதில்ல. பேரு என்னமோ வேட்டங்குடி, துப்பாக்கி வேணாம், பைனாகுலர் போதும்.

வேட்டைக்கறி ஆசை மட்டும்தான்னா அதுக்கு வழி இருக்கு. ஓட்டல்ல வர்ற காடை வறுவல் பண்ணையில வளக்குற ஜப்பான் காடை, தாராளமா சாப்புடலாம். முயலுக்கும் பண்ணை முயல் இருக்கு, கொடைக்கானல் மேல மன்னவனூர்ல இருக்குற மத்திய அரசு ஆராய்ச்சி மையத்துல முயல் வளப்பு பத்தி விசாரிக்கலாம். வான்கோழி, கினிக்கோழி எதுவும் பிரச்சனையில்ல. ரோட்டோரம் ஒருத்தர் காட்டுக் கௌதாரி இருக்குன்னு பையத் தொறந்து காட்டுனா மட்டும் வாங்காதீங்க, வாங்குனவரும் கேஸ்ல வருவாரு.

வெள்ளாமைய காட்டுப்பன்னி அழிக்குதுன்னா சுடலாமான்னு அடுத்து கேப்பீங்க. நீங்க சுடக்கூடாது. 2025 ஜனவரியில தமிழ்நாடு அரசு போட்ட உத்தரவுப்படி காப்புக்காட்டுல இருந்து மூணு கிலோமீட்டருக்கு அங்கிட்டு வர்ற பன்னிய வனத்துறை ஆளுங்க சுடலாம், ஒண்ணுல இருந்து மூணு கிலோமீட்டருக்குள்ளன்னா அவுங்க புடிச்சு காட்டுல விடுவாங்க, ஒரு கிலோமீட்டருக்குள்ள ரெண்டும் இல்ல. ரேஞ்சர் ஆபீஸ்ல மனு குடுங்க, கரண்டு வேலி போடுற வேலை மட்டும் வேணாம், அதுல மனுசங்களே சாகுறாங்க.

துப்பாக்கிக்கு வருவோம். லைசென்ஸ் ஐயா பேருல இருந்திருக்கும், அவரு தவறுன அன்னைக்கே அது முடிஞ்சுச்சு, அதுக்கப்பறம் பொட்டிக்குள்ள வச்சிருக்குறது ஆயுதச் சட்டப்படி தப்பு. இருந்துட்டுப் போகுதுன்னு விடாதீங்க. வக்கீல் ஒருத்தர கூட கூட்டிக்கிட்டு பக்கத்து போலீஸ் ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கி கடையிலயோ ஒப்படைச்சு ரசீது வாங்குங்க, வேணும்னா வாரிசுங்குற முறையில உங்க பேருக்கு லைசென்ஸ் கேட்டு கலெக்டர் ஆபீஸ்ல மனு போடலாம், பங்காளிங்க மத்த வாரிசுங்க ஆட்சேபணை இல்லன்னு எழுதிக் குடுக்கணும். நம்ம பக்கம் ஒரு வீட்டுக்கு இருவது பங்கு இருக்குமே, அதுக்கே ஒரு வருஷம் ஆகும்.

இப்ப கொம்பு. மான் கொம்பு, காட்டுமாட்டுத் தலை, புலித்தோலு எதுவா இருந்தாலும் அத வச்சிருக்க தலைமை வனவிலங்கு காப்பாளர் குடுத்த உரிமைச் சான்று வேணும். 1972ல சட்டம் வந்தப்ப அறிவிக்கச் சொன்னாங்க, விட்டுப்போனவுங்களுக்கு 2003ல 180 நாள் திரும்ப டைம் குடுத்தாங்க. அந்த சான்று இருக்கான்னு பழைய டிரங்குப்பொட்டி, கணக்குப்புள்ள கட்டு எல்லாத்தையும் தேடிப் பாருங்க. இருந்துச்சுன்னா வாரிசா வந்ததுக்கு 90 நாளைக்குள்ள தெரிவிக்கணும்னு சட்டம், அது தாண்டியிருந்தாலும் வனத்துறையில போயி சொல்றதுதான் நல்லது. சான்றே இல்லன்னா சிவகங்கை மாவட்ட வன அலுவலர்கிட்ட எழுத்து மூலமா ஒப்படைச்சிருங்க, பணம் எதுவும் தர மாட்டாங்க. ரெண்டுல எதுவா இருந்தாலும் விக்க முடியாது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல தூணு, பீங்கான், பழைய படம் எதை வேணா வில்லுங்க, கொம்பு மட்டும் கூடாது, வாங்குன கடைக்காரர் மாட்டுனா மொதல்ல உங்க பேரத்தான் சொல்லுவாரு. மயில் தோகைக்கு மட்டும் சட்டத்துலயே விலக்கு இருக்கு, குன்றக்குடிக்கு காவடி கட்டுறவுங்க பயப்பட வேணாம், ஆனா உதிர்ந்ததா இருக்கணும், மயில புடிச்சு புடுங்குனது கூடாது.

டெக்சாஸ் மச்சானுக்கும் ஒரு சேதி. அங்க சீசன் இருக்குறதால எல்லாம் ஃப்ரீன்னு அர்த்தமில்ல. புறாவுக்கு ஒரு நாளைக்கு 15தான் கணக்கு, வாத்துன்னா 16 வயசு ஆனவுங்க டக் ஸ்டாம்ப்னு மத்திய அரசு விக்கிற 25 டாலர் முத்திரை வாங்கணும், ஈயக்குண்டு போடக்கூடாது, 1971 செப்டம்பர் 2லயோ அதுக்கப்பறமோ பொறந்தவுங்க வேட்டைப் பயிற்சி கோர்ஸ் முடிச்சிருக்கணும். அவரு எச்1பி மாதிரி விசாவுல இருந்தா இன்னும் முக்கியம், அந்த மாதிரி விசாக்காரங்க துப்பாக்கி வச்சிருக்கறதே அமெரிக்க மத்திய சட்டப்படி குத்தம், செல்லுபடியாகுற வேட்டை லைசென்ஸ் கையில இருந்தாத்தான் விலக்கு, அது காலாவதியான பெறகு நண்பனோட துப்பாக்கிய தொட்டாக்கூட விசாவுக்கே சிக்கல். அங்க அடிச்ச மான் கொம்ப லீவுக்கு வர்றப்ப பெட்டியில வச்சு நம்ம முகப்புல மாட்ட கொண்டு வர்றேன்னு சொன்னாருன்னா வேணாம்னு சொல்லிருங்க, அனுமதி இல்லாம கஸ்டம்ஸ்ல விட மாட்டாங்க.