எண்ணெய்க் கிணறுகளுக்கு நடுவே காற்றாலைகள்

கேள்வி: அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் எண்ணெய்க்குப் பேர்போனது. அங்கே காற்றாலைகளும் மிகுதி என்கிறார்கள். எண்ணெயை நம்பி வாழும் கிராமத்தினர் அவற்றுக்கு எப்படி இசைந்தார்கள்?

பதில்: இசைந்தது மட்டுமல்ல, விரும்பியே அழைத்தார்கள். காரணம் அந்த மாநிலத்தின் நிலவுரிமைச் சட்டத்தில் இருக்கிறது. அங்கே ஒரு நிலத்தின் மேற்பரப்பு ஒருவருக்கும், அடியிலுள்ள எண்ணெயும் எரிவாயுவும் வேறொருவருக்கும் சொந்தமாக இருக்கலாம். நிலத்தை விற்றவர்கள் பலர் கனிம உரிமையைத் தங்களிடமே நிறுத்திக்கொண்டதால், தன் பருத்திக் காட்டில் இரவும் பகலும் எண்ணெய் இறைக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டே, அதில் ராயல்டியாக ஒரு காசும் பெறாத விவசாயிகள் அங்கே ஏராளம். காற்றைப் பயன்படுத்தும் உரிமையோ மேற்பரப்பின் சொந்தக்காரரைச் சேர்ந்தது. ஆகவே எண்ணெயால் பயன்பெறாத குடும்பத்துக்கும் காற்றாலைக் குத்தகைப் பணம் வந்து சேர்ந்தது. கோபுரமும் பாதையும் பிடிக்கும் இடம் போக மீதி நிலத்தில் உழவும் மேய்ச்சலும் தொடர்கின்றன என்பதும் அவர்களுக்கு ஏற்றதாக இருந்தது.

அரசும் தூண்டுதல் தந்தது. 2009-க்குள் 2,000 மெகாவாட் புதுப்பிக்கத்தக்க மின்திறனைக் கூடுதலாக நிறுவ வேண்டும் என்ற 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டவர், எண்ணெய்த் தொழிலிலிருந்து அரசியலுக்கு வந்த அன்றைய ஆளுநர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ். அந்த இலக்கு கெடுவுக்கு முன்பே எட்டப்பட்டது. 2009-இல் ராஸ்கோ என்னும் சிற்றூரைச் சுற்றிய பருத்தி நிலங்களில் 627 காற்றாலைகள் கொண்ட 781.5 மெகாவாட் திட்டம் நிறைவுற்றபோது, உலகிலேயே அதுதான் பெரியது.

கேள்வி: ஒரே நிலத்தில் இரண்டு தொழிலும் நடந்தால் மோதல் வராதா?

பதில்: வரும். டெக்சாஸ் சட்டத்தில் கனிம உரிமையே மேலோங்கியது. அதை வைத்திருப்பவர் நியாயமான அளவில் மேற்பரப்பைப் பயன்படுத்தலாம், கிணறு தோண்டலாம். ஏற்கெனவே அங்கு நடந்துவரும் தொழிலுக்கு, மாற்றுவழி இருக்கும்போது, அவர் இடம்கொடுக்க வேண்டும் என்று 1971-இல் மாநில உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் வரையறுத்தது. ஆனால் பெருந்தொகை முதலீடு செய்பவர்கள் வழக்கை நம்பி இறங்குவதில்லை. எந்தெந்த இடங்கள் துளையிடுவதற்கு ஒதுக்கப்படும், கிணற்றுக்கும் கோபுரத்துக்கும் எவ்வளவு இடைவெளி, பாதைகள் எவ்வழியாகச் செல்லும் என்பவற்றையெல்லாம் கனிம உரிமையாளர்களுடன் முன்கூட்டியே எழுத்தில் முடித்துக்கொள்கிறார்கள். பழைய எண்ணெய்க் குழாய்கள் புதைந்துள்ள இடங்களையும் கண்டறிந்தாக வேண்டும், ஏனெனில் கோபுரத்தைத் தூக்கும் பாரந்தூக்கியின் எடையை அவை தாங்காமல் போகலாம். இந்தப் பூர்வாங்க வேலைதான் கட்டுமானத்தைவிடப் பொறுமையைச் சோதிப்பது என்பது என் கருத்து.

கேள்வி: அவ்வளவு மின்சாரமும் எங்கே செல்கிறது?

பதில்: கிழக்கேயுள்ள பெருநகரங்களுக்கு. தொடக்கத்தில் மின்தொடர்கள் போதாமல் காற்று வீசியும் காற்றாலைகளை நிறுத்திவைக்க நேர்ந்தது. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே ஏறத்தாழ 700 கோடி டாலரில், சுமார் 5,800 கிலோமீட்டர் நீளத்துக்கு உயரழுத்த மின்தொடர்கள் அமைக்கப்பட்டன. அச்செலவை மாநில மின்கட்டமைப்பின் நுகர்வோர் அனைவரும் பகிர்ந்துகொண்டார்கள்.

கேள்வி: ஆயுள் முடிந்த காற்றாலைகளை யார் அகற்றுவது?

பதில்: இதைக் கேட்க எண்ணெய்ப் பகுதி மக்களுக்கு முழு உரிமை உண்டு. உரிமையாளர் காணாமல் போன கிணறுகளை மூடும் வேலை அரசின் தலையில் விழுந்ததை அவர்கள் கண்கூடாகப் பார்த்திருக்கிறார்கள். 2019-இல் வந்த டெக்சாஸ் சட்டப்படி, கோபுரங்களை அகற்றுவதும், அடித்தளத்தைத் தரைமட்டத்திலிருந்து குறைந்தது 3 அடி ஆழம்வரை நீக்குவதும் நிறுவனத்தின் பொறுப்பு என்று குத்தகைப் பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும். அதற்கான நிதிப் பிணையை, குத்தகை இடையில் முடியாவிட்டால், வணிக உற்பத்தி தொடங்கிய 10-ஆம் ஆண்டு நிறைவுக்குள் அளித்தால் போதும் என்று அச்சட்டம் அனுமதிக்கிறது. பத்தாண்டுக்குள் ஒரு நிறுவனம் இரண்டு முறை கைமாறிவிடக்கூடும் என்பதால், அந்தப் பிணையை முதல் ஆண்டிலேயே கேட்டுப் பெறுவதும், குத்தகைப் பத்திரத்தைத் தமக்கென அமர்த்திய வழக்கறிஞரிடம் காட்டிய பின்பே கையெழுத்திடுவதும் நில உரிமையாளர்களுக்கு நல்லது.