சிகாகோ கோடையும் இடிமழையும்: காவேரிப்பட்டணம் தம்பிக்கு ஒரு பதில்

காவேரிப்பட்டணத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். ஜூன் முதல் வாரம் வேலைக்காக சிகாகோ போகிறாராம். இந்தக் கோடை சராசரியைவிடச் சூடாக இருக்கும், இடிமழை வரும், வெப்பநிலை ஏறி இறங்கும் என்று வானிலை முன்னோட்டத்தில் படித்திருக்கிறார். ஸ்வெட்டர் எடுத்துப் போகவா, வாடகை எவ்வளவு, இட்லி மாவு கிடைக்குமா, வேறு எதைக் கவனிக்க வேண்டும் என்பது கேள்வி.

தம்பி, வாடகையும் மாவும் போனதும் தெரிந்துவிடும். சிகாகோவின் புறநகர்களான நேப்பர்வில், அரோரா பக்கம் நம் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். மாவும் கிடைக்கும், முருங்கைக்காயும் கிடைக்கும். நான் பேச வேண்டியது அந்த இடிமழையைப் பற்றி.

2006 ஜூனில் நான் போனபோது, சிகாகோ என்றால் குளிர்தான் என்று காரிமங்கலத்தில் எல்லோரும் சொன்னார்கள். பெட்டியில் பாதி கம்பளித் துணி. இறங்கிய வாரமே 95 டிகிரி. அது ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 35. கத்திரி வெயிலில் வளர்ந்தவனுக்கு இது என்ன பெரிது என்று நினைத்தேன். ஆனால் அங்கே காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாது. 1995 ஜூலையில் அந்த நகரத்தில் வெப்ப அலையில் 700 பேருக்கு மேல் இறந்தார்கள். பலர் வீட்டில் தனியாக இருந்த முதியவர்கள். அதனால் வெயில் நமக்குப் பழக்கம்தானே என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

போய்ப் பத்து நாள் ஆகியிருக்கும். ராத்திரி பதினொரு மணிக்கு ஊர் முழுக்கச் சங்கு ஊதியது. ஏதோ ஆலைச் சங்கு என்று நினைத்துக்கொண்டு, மூன்றாவது மாடி பால்கனியில் நின்று மின்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டுப் பாட்டி கதவை உடைப்பது போலத் தட்டி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே துணி துவைக்கும் அறைக்குப் போனார். அங்கே பத்துப் பன்னிரண்டு பேர் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். அது டொர்னாடோ, அதாவது தரையைத் தொட்டுச் சுழலும் சூறைக்காற்று வருகிறது என்ற எச்சரிக்கை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வீட்டைச் சுற்றிக் காட்டிய குடியிருப்பு அலுவலகம் குப்பை எந்த நாளில் போட வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தது. சங்கு ஊதினால் எங்கே போக வேண்டும் என்று ஒரு வரி இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நீங்கள் படித்த முன்னோட்டம் மூன்று மாதச் சராசரியைச் சொல்வது. சராசரிக்கு மேல், சராசரி, சராசரிக்குக் கீழ் என்று மூன்று பங்கு. எந்தச் சாய்வும் இல்லாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் 33 சதவீதம். சராசரிக்கு மேல் என்பதற்கு 40 அல்லது 50 சதவீதம் என்று வந்தால் சூடான கோடை பக்கம் தராசு சாய்கிறது, அவ்வளவுதான். எந்தச் செவ்வாய்க்கிழமை இடி விழும் என்று அதில் இருக்காது. அதற்கு அமெரிக்க வானிலைத் துறை போடும் அன்றன்றைய புயல் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். ஆபத்தை ஐந்து படியாகப் பிரித்துப் போடுவார்கள். நான் மே முதல் ஆகஸ்ட் வரை காலையில் காபியோடு அதைப் பார்த்துவிடுவேன்.

அப்புறம் இரண்டு சொற்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 'வாட்ச்' என்றால் புயலுக்கான சூழல் கூடியிருக்கிறது, தயாராக இரு என்று பொருள். 'வார்னிங்' என்றால் ரேடாரில் தெரிந்துவிட்டது, அல்லது யாரோ கண்ணால் பார்த்துவிட்டார்கள். உடனே கீழ்த்தளத்துக்குப் போக வேண்டும். கீழ்த்தளம் இல்லையென்றால் ஜன்னல் இல்லாத உள் அறை. போன் தானாக அலறும், அதை அணைத்து வைக்காதீர்கள். மாதத்தின் முதல் செவ்வாய் காலை 10 மணிக்கு ஊதுவது சோதனைச் சங்கு, அதற்குப் பதற வேண்டாம்.

நம் ஊர் இடிமழை வெயில் ஏறி மத்தியானத்துக்கு மேல் கட்டி, ராத்திரிக்குள் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். அங்கே மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்றும் கனடாப் பக்கத்துக் குளிர்காற்றும் நடுவில் மலை இல்லாமல் நேராக வந்து மோதுகின்றன. அதனால் நடுராத்திரியிலும் வரும். 2021 ஜூன் 20 அன்று இரவு பதினொரு மணி வாக்கில் நேப்பர்வில், வுட்ரிட்ஜ் பகுதியை டொர்னாடோ அடித்தது. 1990 ஆகஸ்டில் பக்கத்துப் பிளெய்ன்ஃபீல்டில் அடித்த டொர்னாடோவில் 29 பேர் இறந்தார்கள். இரண்டும் நம்மவர்கள் இன்று வீடு வாங்கும் பகுதிகள்தான். ஆனால் சங்கு ஊதும்போது பால்கனியில் நின்று வீடியோ எடுப்பவர்களில் நம்மவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு எடுக்கிறார்கள். சொன்னால், "ஊர்ல பாக்காத இடியா அண்ணா" என்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

இன்னொன்று, கார். கூட இருந்த சீனியர் சொன்னார் என்று மிகக் குறைந்த இன்சூரன்ஸ் எடுத்தேன். அது நம்மால் மற்றவருக்கு ஆகும் சேதத்துக்கு மட்டும். எலுமிச்சம்பழ அளவு ஆலங்கட்டி விழுந்து முன்கண்ணாடி போனது, மேல்கூரை முழுக்கக் குழி. ஒரு டாலர்கூட வரவில்லை. விற்றவரும் முன்பே விளக்கவில்லை. ஆலங்கட்டி போன்றவற்றால் நம் காருக்கு ஆகும் சேதத்துக்கும் பணம் தரும் 'காம்ப்ரிஹென்சிவ்' சேர்த்து எடுங்கள். மாதம் கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

ஸ்வெட்டர் ஒன்று போதும். மிச்சிகன் ஏரிக்காற்று திரும்பினால் கரையோரம் சட்டென்று குளிரும். உள்ளே ஊரில் வெந்துகொண்டிருக்கும்.

இதை விடுமுறைக்கு வந்த இடத்தில், காரிமங்கலத்து வீட்டுத் திண்ணையில் இருந்து எழுதுகிறேன். நேற்று சாயங்காலம் கருக்கல் கட்டியது. பெங்களூரா மாங்காய் மரத்தடி முழுக்க உதிர்ந்தது. அம்மா மாடியில் காயப்போட்ட புளியை அள்ள ஓடினார். தோட்டத்து ஆட்கள் நாலு பேர் வழக்கம் போலப் புளியமரத்தடியில் ஒதுங்கினார்கள். நானும் சின்ன வயதில் அதே மரத்தடியில்தான் நின்றிருக்கிறேன். ஓடிப்போய் எல்லோரையும் வீட்டுக்குள் கூட்டி வந்தேன். ஒவ்வொரு இடிக்கும் அம்மா "அர்ஜுனா, அர்ஜுனா" என்றார். மழை விட்டதும் ஆட்கள் கிளம்பப் பார்த்தார்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகட்டும் என்று உட்கார வைத்தேன். அம்மா எல்லோருக்கும் டீ போட்டார்.