மீதியில் மூன்றில் ஒன்று

அன்புள்ள ஐயா,

தஞ்சாவூர்ப் பக்கத்து நிலக்கணக்கு பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். அதனால்தான் இதை உங்களிடம் கேட்கத் தோன்றியது. என் மகன் ஏழாம் வகுப்பு. பின்னத்தைக் கூட்டு, பெருக்கு என்றால் கடகடவென்று போட்டுவிடுகிறான். அதையே வாக்கியமாகக் கொடுத்தால் விழிக்கிறான். போன வாரம் வந்த கணக்கு இது: ‘ஒரு விவசாயி தன் நிலத்தில் 2/5 பங்கில் நெல்லும், மீதியில் 1/3 பங்கில் உளுந்தும் போட்டார். எஞ்சிய 4 மாவில் தென்னை வைத்தார். மொத்த நிலம் எவ்வளவு?’ (மா என்பது எங்கள் பக்கத்து நில அளவு.) இவன் 15 மா என்றான். விடை 10 மா. எங்கே தப்பு என்று எனக்கே பிடிபடவில்லை. இவனுக்குக் கணக்கு வராதோ?

ஒரு வாசகி, மன்னார்குடி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பையனுக்குக் கணக்கு நன்றாகவே வருகிறது. அவன் போட்டிருக்கக்கூடிய வழியில் நானும் போட்டுப் பார்த்தேன். 2/5, 1/3 இரண்டையும் கூட்டினால் 11/15. மிச்சம் 4/15. அது 4 மா என்றால் மொத்தம் 15. எங்கேயும் பிசகவில்லை. திருப்பிச் சரிபார்த்தாலும் நெல் 6, உளுந்து 5, மிச்சம் 4 என்று ஒழுங்காக வந்து உட்காருகிறது. விடை பதினாலே முக்கால் என்று இழுத்திருந்தால் அவனுக்கே சந்தேகம் வந்திருக்கும். கணக்கை எழுதியவர் தெரிந்தே வைத்த கண்ணியோ என்னவோ!

அவன் தாண்டிப் போனது ‘மீதியில்’ என்ற ஒரே ஒரு சொல்லை. நாம் வாயால் சொல்லும்போது ‘மூன்றில் ஒன்று’ என்கிறோம். பகுதி (கீழ் எண்) முதலில், தொகுதி (மேல் எண்) அப்புறம். நடுவில் ஒரு ‘இல்’. பள்ளிக்கூடத்தில் ‘ஒன் பை த்ரீ’ ஆனதும் அந்த ‘இல்’ உதிர்ந்துவிடுகிறது, கூடவே ‘எதில்?’ என்ற கேள்வியும். உங்கள் ஊரில் பேசும் ‘மா’வே ஒரு பின்னம்தான். பழைய கணக்கில் மா என்றால் 1/20, காணி 1/80, முந்திரி 1/320. எதில் இருபதில் ஒன்று? வேலி என்ற பெரிய நில அளவில். 20 மா ஒரு வேலி. ஏக்கர் கணக்கில் மூன்று மா ஒரு ஏக்கர்.

எங்கள் வீட்டிலேயே இந்த ‘எதில்’ ஒரு சண்டையாக வந்தது. ஒன்பது மா நிலம், மூன்று பிள்ளைகள். தாத்தா எழுதி வைக்கவில்லை. “பெரியவனுக்கு மூணுல ஒண்ணு, நடுவுலவனுக்கு மீதியில மூணுல ஒண்ணு, மிச்சம் சின்னவனுக்கு” என்று சொன்னதாகச் சின்னச் சித்தப்பா சாதித்தார். அப்படியானால் 3, 2, 4. தாத்தா ‘மீதியில’ என்று சொல்லவே இல்லை என்றார் நடுச் சித்தப்பா. அப்படியானால் மூவருக்கும் மும்மூன்று. அந்த ஒரு மாவுக்காக இரண்டு வீடும் பல வருஷம் பேசிக்கொள்ளவில்லை. யாருக்கும் கூட்டல் தெரியாமல் இல்லை.

சரி, பையனுக்கு வருவோம். பென்சிலைக் கையில் எடுத்ததும் அவனை எண்களைத் தொடவிடாதீர்கள். வரிசையாக ஐந்து கட்டம் போடச் சொல்லுங்கள், வரப்பு பிரித்த மாதிரி. இரண்டு கட்டத்தில் நெல். இப்போது நெல்லைக் கையால் மறைத்துக்கொள்ளட்டும். கண்ணுக்குத் தெரிவது மூன்று கட்டம், அதுதான் ‘மீதி’. அதில் மூன்றில் ஒன்று ஒரு கட்டம், உளுந்து. மிச்சம் இரண்டு கட்டம் 4 மா, அப்படியானால் கட்டத்துக்கு 2 மா. ஐந்து கட்டமும் 10 மா. மீச்சிறு பொது மடங்கு பக்கமே போகவில்லை பாருங்கள். கையை எடுக்காமல் இருந்ததுதான் முக்கியம். கையை எடுத்தால் மறுபடி ஐந்து கட்டமும் தெரியும், மறுபடி 15 வரும்.

‘மொத்தம் என்றால் கூட்டு, பங்கு என்றால் பெருக்கு’ என்று டியூஷனில் சொல்லிக்கொடுக்கும் சூத்திரத்தை மட்டும் தயவுசெய்து மறக்கடித்துவிடுங்கள். இந்தக் கணக்கிலேயே ‘மொத்த நிலம்’ என்று இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் அவன் கூட்டினானோ என்று எனக்குச் சந்தேகம்.

உளுந்துக்குத் தனியாக நிலம் ஒதுக்கிய அந்த விவசாயி எந்த ஊர்க்காரரோ தெரியவில்லை. நம் பக்கம் சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், நிற்கிற பயிருக்குள்ளேயே ஈரத்தில் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். அறுத்த பிறகு தாளுக்கு நடுவில் அது முளைத்து நிற்கும். நெல்லும் உளுந்தும் ஒரே வயல். உங்கள் பையன் அதைப் பார்த்து வளர்ந்தவன் என்றால், கணக்குப் புத்தகத்தைப் பார்த்து விழிப்பதில் நியாயம் இருக்கிறது.

பரீட்சையில் கட்டம் போட்டால் மார்க் குறையுமோ என்று அவன் பயந்தால், ஓரத்தில் பென்சிலால் போட்டுக்கொள்ளட்டும். விடைத்தாளில் நாலே வரி போதும்: மீதி 3/5. அதில் 1/3 என்றால் 1/5. எஞ்சியது 2/5. 2/5 பங்கு 4 மா, ஆகவே முழுவதும் 10 மா. இரண்டாவது வரியில் ‘அதில்’ என்ற சொல்லை அவன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.