ரோமிங் பில்லுல மாட்டாம இருக்க என்ன பண்ணணும்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அப்பாவும் அம்மாவும் சிங்கப்பூர்ல இருக்குற தங்கச்சி வீட்டுக்கு மூணு வாரம் போறாங்க. ரெண்டு பேருக்கும் வாட்ஸப்ப தவிர வேற எதுவும் தெரியாது. ஆனா பேங்க் ஓடிபி இந்திய நம்பருக்கு வந்தே ஆகணும். எங்க சித்தப்பா போயிட்டு வந்து பில்லப் பாத்து அரண்டுட்டார், அதான் பயமா இருக்கு.
- வாசகி, திருச்சி

பதில்: பயப்படாதீங்கம்மா, ஆனா இது அங்க போய் இறங்கினப்புறம் பண்ற வேலை இல்ல, திருச்சியில ஃப்ளைட் ஏறுறதுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க.

பில்லு எகிறுறதுக்கு முக்கியமான காரணம் பேசுறது இல்ல, போன் தானா பண்ற வேலைதான். நாம பாட்டுக்கு பையில போட்டு வச்சிருப்போம், அது உள்ள இருந்துகிட்டே போட்டோவெல்லாம் பேக்கப் எடுக்கும், ஆப் அப்டேட் பண்ணும், ஃபேமிலி குரூப்ல வர்ற குட்மார்னிங் வீடியோ மொத்தத்தையும் இறக்கி வைக்கும். ரோமிங் பேக் எதுவும் போடாம டேட்டா ரோமிங் ஆன்ல இருந்தா இது அத்தனைக்கும் எம்பி கணக்குல காசு. ப்ரீபெய்டுன்னா பேலன்ஸ் தீந்ததும் நின்னுடும், போஸ்ட்பெய்டுதான் ஆபத்து. உங்க சித்தப்பா போஸ்ட்பெய்டாத்தான் இருக்கணும்.

இங்க நிறைய பேர் குழப்பிக்கிறது ஒண்ணு இருக்கு. இன்டர்நேஷனல் ரோமிங் வேற, டேட்டா ரோமிங் வேற. முதல்ல சொன்னது சிம் கம்பெனிக்காரன் அவன் பக்கத்துலருந்து ஆன் பண்ணி வைக்கிறது, அது இருந்தாத்தான் அங்க சிக்னலே கிடைக்கும், ஓடிபி எஸ்எம்எஸ்ஸும் வரும். ரெண்டாவது உங்க போன் செட்டிங்ஸ்ல இருக்குற பட்டன், அது நெட்டுக்கு மட்டும். அப்பாவுக்கு முதல்ல சொன்னது ஆன், ரெண்டாவது ஆஃப், அவ்வளவுதான் விஷயம். ரோமிங்ல வர்ற எஸ்எம்எஸ்ஸுக்கு பெரும்பாலும் காசு கிடையாது, இருந்தாலும் உங்க பிளான்ல எப்படின்னு கஸ்டமர் கேர்ல ஒரு தடவ கேட்டுக்குங்க. ரீசார்ஜ் தேதி நடுவுல முடியுதான்னும் பாருங்க.

நெட்டுக்கு சிங்கப்பூர் சிம் தனியா வாங்கிக்கலாம். சாங்கி ஏர்போர்ட்லயே கிடைக்கும், சிராங்கூன் ரோடு பக்கம் கடைகள்லயும் கிடைக்கும், எங்க வாங்கினாலும் பாஸ்போர்ட் காட்டணும். போன்ல ரெண்டு சிம் போட இடம் இருந்தாலோ இ-சிம் (போனுக்குள்ளயே இருக்குற சிம்) வேலை செஞ்சாலோ இந்திய சிம்ம கழட்டவே வேண்டாம், கழட்டினா ஓடிபி போச்சு, யுபிஐ ஆப்பும் சிம் எங்கன்னு கேட்டு அடம் புடிக்கும். ஐபோன்ல இன்னொரு வில்லங்கம், ஒரு சிம்முல சிக்னல் சரியில்லன்னா அடுத்த சிம் டேட்டாவுக்கு தானா மாறிக்கிற ஆப்ஷன் ஒண்ணு இருக்கு, அதையும் ஆஃப் பண்ணிடுங்க. புது சிம் போட்டதும் வாட்ஸப் நம்பர மாத்தணுமான்னு கேட்டா வேண்டாம்னு சொல்லச் சொல்லுங்க, பழைய நம்பர்லயே ஓடும். தங்கச்சி வீட்டுலயே இருக்கப் போறாங்கன்னா வைஃபை போதும், சிம் கூட தேவைப்படாது.

இந்திய நம்பருக்கு கால் வந்தா எடுக்க வேண்டாம், எடுத்தா நமக்குத்தான் நிமிஷக் கணக்கு. மாமா, அத்தை எல்லாருக்கும் வாட்ஸப்ல கூப்பிடுங்கன்னு இப்பவே சொல்லிடுங்க. கால் ஃபார்வேர்டிங் (எடுக்காத கால வேற நம்பருக்குத் திருப்பி விடுறது) போட்டு வச்சிருந்தா எடுக்காத காலுக்கும் காசு போகும், ஏன்னா சிங்கப்பூர் வரைக்கும் போன கால் திரும்ப இந்தியாவுக்கே வரும். கிளம்புறதுக்கு முன்னாடி ##002# டயல் பண்ணா ஃபார்வேர்டிங் மொத்தமும் கேன்சல் ஆயிடும்.

ஒருவேளை ஜோகூர் பக்கம் கூட்டிட்டுப் போனா, பாலத்துகிட்டயே சிங்கப்பூர் சிம் மலேசிய நெட்வொர்க்குக்குத் தாவிடும். அந்த சிம்முலயும் டேட்டா ரோமிங் ஆஃப்ல இருக்கட்டும்.

கேள்வி: யூரோப் டூர் போறோம், பாரிஸ்ல வாங்குற சிம் மத்த நாட்டுலயும் எடுக்குமா?
- வாசகர், கோவை

பதில்: எடுக்கும். 2017 ஜூன் 15-லருந்து ஐரோப்பிய யூனியனுக்குள்ள ரோமிங்குக்கு தனி சார்ஜ் கிடையாது, பாரிஸ்ல வாங்கினது ரோம்லயும் ஆம்ஸ்டர்டாம்லயும் ஓடும், நார்வே, ஐஸ்லாந்துலயும் ஓடும். இடிக்கிறது சுவிட்சர்லாந்துதான், அது இந்த ஏற்பாட்டுல இல்ல. நம்ம டூர் பேக்கேஜ் எதுலயும் சுவிஸ் இல்லாம இருக்காது, அங்க போனா ஒரு ரீல்ஸ் போடாம வரவும் மாட்டோம். அதனால வாங்குறப்பவே சுவிஸும் சேந்திருக்கான்னு வாய்விட்டுக் கேளுங்க. லண்டனும் லிஸ்ட்ல இருந்தா அதையும் கேளுங்க, பிரிட்டன் யூனியன விட்டு விலகின பிரெக்ஸிட்டுக்கு அப்புறம் அது கம்பெனிக்கு கம்பெனி மாறுது. இந்தியாவுலருந்தே பேக் போட்டுட்டுப் போறதா இருந்தா, நடுவுல ஃப்ளைட் மாறுற ஊர் அதுல இருக்கான்னு பாருங்க, நாலு மணி நேரம் தோஹாவுல உக்காந்திருக்கும்போது யாரும் போன கையில எடுக்காம இருக்கப் போறதில்ல. ஃப்ளைட்டுக்குள்ளயும் கப்பல்லயும் புடிக்கிற நெட்வொர்க் சாட்டிலைட் வழியா வர்றது, ரேட் தனி, சாதா பேக்குல வராது. ஏர்பிளேன் மோடுல போட்டுடுங்க.

கேள்வி: வைஷ்ணவி தேவி கோயிலுக்குப் போறோம். இந்தியாவுக்குள்ளதான் ரோமிங்கே இல்லையே, அப்புறம் ஏன் ஜம்முல போன் வேலை செய்யாதுன்னு சொல்றாங்க?
- வாசகர், மதுரை

பதில்: காசுப் பிரச்சினை இல்லைங்க, அது பாதுகாப்பு விதி. வெளி மாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீருக்குள்ள எடுக்காது, போஸ்ட்பெய்டு எடுக்கும். குரூப்புல ஒருத்தர்கிட்டயாவது போஸ்ட்பெய்டு இருந்தா ஹாட்ஸ்பாட் போட்டு எல்லாரும் ஓட்டிக்கலாம். யார்கிட்டயும் இல்லன்னா ஆதார் கைல எடுத்துட்டுப் போங்க, அங்கயே ப்ரீபெய்டு சிம் வாங்கிக்கலாம்.