‘பெட்டியோடு பேசிக்கொண்டிருக்கிறான்’ என்று கவலைப்படும் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா. பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளை ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு பச்சை போர்டைப் பார்த்து "லைட்டை அணை, லைட்டை அணை" என்று கத்தினால் எந்த வீட்டிலும் கவலை வரத்தான் செய்யும். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, மன்னியுங்கள்.

அவன் கையில் இருப்பது ராஸ்பெர்ரி பை. பிள்ளைகள் புரோகிராமிங் பழகட்டும் என்று 2012இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலிருந்து வந்த குட்டிக் கணினி. அதில், பேச்சைக் கேட்டு வேலை செய்யும் அலெக்ஸா மாதிரி ஒன்றைத் தானே செய்யப் பார்க்கிறான். "எந்நேரமும் ஒட்டுக் கேட்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூப்பிடும் சொல் ஒன்று காதில் விழுகிறதா என்று மட்டும் அது காத்திருக்கும். விழுந்த பிறகுதான் நாம் பேசுவதை எழுத்தாக மாற்றும் வேலை தொடங்கும். அந்த வேலை போர்டுக்குள்ளேயே நடக்கிறதா, இணையம் வழியே வெளியே இருக்கும் கணினிக்கு (சர்வருக்கு) போகிறதா என்று அவனிடமே கேளுங்கள். தெளிவாகப் பதில் சொன்னால் விஷயம் புரிந்துதான் செய்கிறான் என்று அர்த்தம்.

பிளஸ் டூ முடித்ததும் பொறியியலில் எந்தப் பிரிவில் சேர்ப்பது என்பதுதானே உங்கள் நிஜமான கேள்வி? அவன் எந்த இடத்தில் மாட்டிக்கொண்டான், அங்கே எவ்வளவு நேரம் உட்கார்ந்தான் என்று பாருங்கள்.

முதல் நாள் போன் இயர்போனைச் செருகிவிட்டு "மைக் வேலை செய்யல" என்று அழாத குறையாக நின்றான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவன்மேல் தப்பில்லை. அவனிடம் இருக்கும் நான்காம் மாடலில் அந்த 3.5 மி.மீ. துளை ஒலியை வெளியே விடும், உள்ளே வாங்காது. ஐந்தாம் மாடலில் அந்தத் துளையே கிடையாது. யூஎஸ்பி மைக் வாங்கியதும் அது தீர்ந்திருக்கும். அப்புறம்தான் ருசியான இடம்: நீங்கள் மிக்சியில் சட்னி அரைக்கும்போது மட்டும் பெட்டிக்கு ஒன்றுமே கேட்பதில்லை. அப்போது அவன் என்ன செய்தான்? இன்னும் சத்தமாகக் கத்தினானா, மைக்கை இடம் மாற்றி, ஒவ்வொரு முறையும் பதிவு செய்து, எதில் இரைச்சல் குறைகிறது என்று ஒப்பிட்டானா? இரண்டாவதைச் செய்திருந்தால் ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ், தகவல் தொடர்புப் பொறியியல்) பக்கம் யோசிக்கலாம். இரைச்சலிலிருந்து வேண்டிய ஒலியைப் பிரித்தெடுக்கும் சிக்னல் பிராசசிங் பாடமே அந்த மிக்சியில்தான் ஆரம்பிக்கிறது.

சில பிள்ளைகளுக்கு மைக்கில் ஆர்வமிருக்காது, வேகத்தில்தான் கண். விஸ்பர் என்ற மென்பொருள் தமிழ்ப் பேச்சையும் எழுத்தாக்கும். அது கற்றதெல்லாம் எண் மதிப்புகளாகத்தான் உள்ளே இருக்கும்; அதன் மிகச் சிறிய வடிவத்தில் 3.9 கோடி மதிப்புகள். போர்டில் சீக்கிரம் ஓடும், ஆனால் தமிழைக் கடித்துத் துப்பும். 24.4 கோடி கொண்ட வடிவம் தேவலை, பதில் வருவதற்குள் நாமே எழுந்து போய் லைட்டை அணைத்துவிடலாம். இந்த இழுபறியில் ராத்திரி தூக்கம் போகிறது என்றால் கம்ப்யூட்டர் சயின்ஸ்.

மூன்றாவது ரகம் அபூர்வம், எனக்கு மிகவும் பிடித்த ரகம். "ஃபேனைப் போடு", "ஃபேன் போட்டுடு", "காத்தே வரலையே" — மூன்றுக்கும் அர்த்தம் ஒன்று என்று இயந்திரத்துக்கு எப்படிச் சொல்வது என்று மண்டையைக் குடைபவர்கள். பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் இவ்வளவு விலகி நிற்கிற மொழியில் இது பெரிய வேலை. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு இந்திய மொழிகளைக் கணினிக்குப் புரியவைக்கும் இதே துறையில்தான் உழைக்கிறது.

சரி, இப்போது கசப்பான பகுதி. பொறியியல் கலந்தாய்வின் கட்ஆஃப் 200க்கு: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. பெட்டி பேசியதற்கு அதில் அரை மார்க்கும் கிடையாது. அதனால் பெட்டி சனி, ஞாயிறு மட்டும். பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வு வந்ததும் அலமாரிக்குள் போகட்டும். பிடுங்கி வைக்காதீர்கள், அவனையே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். சென்னை ஐஐடியின் பிஎஸ் எலக்ட்ரானிக் சிஸ்டம்ஸ் படிப்பையும் மனதில் வையுங்கள். அதற்கு ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ கட்டாயமில்லை. நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் தேறலாம். பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் இருக்க வேண்டும்.

இன்னொன்று, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். என்ன கெட்டது, எப்படிச் சரியானது என்று தேதி போட்டு எழுதட்டும். நாளைக்கு இன்டர்ன்ஷிப் நேர்காணலில் "இதை நீயே செய்தாயா?" என்று கேட்டால் அந்த நோட்டு பேசும்.

புது போர்டு வேண்டும் என்று கேட்கிறானாம். இப்போதைக்கு வேண்டாம். அடிக்கடி தானாக அணைந்து எழுகிறது, திரையில் மின்னல் படம் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது போர்டின் கோளாறாக இருக்காது. பழைய போன் சார்ஜரில் ஓட்டுகிறான் போலிருக்கிறது, மின்னழுத்தம் பற்றவில்லை. 3 ஆம்பியர் தரும் சரியான அடாப்டர் ஒன்று வாங்கிக் கொடுத்துப் பாருங்கள்.