செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸ்: எந்த ஹோலை எப்படி ஆடுவது? கேள்வி பதில்

ஸ்காட்லாந்தின் டண்டீயில் வேலை பார்த்த ஆறு வருஷத்தில், ஆற்றைத் தாண்டிப் போய் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸ் என்ற கோல்ஃப் மைதானத்தில் பதினான்கு ரவுண்டு ஆடியிருக்கிறேன். ஹேண்டிகேப் (ஆட்டத் திறமைக்கான எண், குறையக் குறைய நல்ல ஆட்டக்காரர்) 16தான், பெரிய ஆட்டக்காரன் எல்லாம் இல்லை, ஆனால் அங்கே விழக்கூடிய பள்ளங்களில் பெரும்பாலானவற்றில் விழுந்து எழுந்த அனுபவம் உண்டு. வந்த கேள்விகளை ஹோல் வரிசைப்படி அடுக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (சென்னை, ஹேண்டிகேப் 22): அண்ணா, முதல் தடவை போகிறேன். 18 ஹோலுக்கும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய முடியாது. ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள்.

பதில்: இடது பக்கம் போ தம்பி. அந்த மைதானம் ஊரிலிருந்து கிளம்பி ஈடன் கழிமுகம் வரைக்கும் போய், அங்கே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே வழியில் திரும்பி வருகிறது. போகும்போது வலது பக்கம் கார்ஸ் முட்புதர், வரும்போது வலது பக்கம் பல இடங்களில் மதில், எல்லைக்கு வெளியே. இரண்டு பயணத்திலும் இடது பக்கம் இருப்பது பக்கத்து ஹோலின் ஃபேர்வே, அதாவது புல் வெட்டிய ஆடுபாதைதான், அங்கே பந்து போனால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். ஆனால் இது சும்மா கிடைக்காது. இடது பக்கத்திலிருந்து கிரீனை (குழியும் கொடியும் இருக்கும் புல்தரை) பார்த்தால் பெரும்பாலும் நடுவில் ஒரு பங்கரோ (மணல் பள்ளம்) மேடோ நிற்கும், வலது ஓரத்தில் தைரியமாக அடித்தவனுக்குத்தான் கொடி நேராகத் தெரியும். உன் ஹேண்டிகேப்புக்கு அந்தத் தைரியம் வேண்டாம். இடது பக்கம் அடி, இரண்டாவது ஷாட்டைக் கொடியைப் பார்க்காமல் கிரீனின் அகலமான பக்கத்தைப் பார்த்து அடி, இரண்டு புட்டில் (பந்தைக் குழிக்கு உருட்டும் அடி) முடி. எனக்குத் தெரிந்து அங்கே 100 ஷாட்டுக்குள் வர இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

கேள்வி (கோவை): முதல் டீயில் (ஹோலின் முதல் ஷாட் அடிக்கும் இடம்) பின்னால் கூட்டம் நிற்குமாமே. எந்தக் கிளப் (மட்டை) எடுப்பது?

பதில்: நிற்கும். ஆர் அண்ட் ஏ என்ற பழைய கோல்ஃப் சங்கத்தின் கட்டடத்துக்கு எதிரிலேயே டீ, சுற்றுலா வந்தவர்கள் ஃபோட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்கள், கை நடுங்காவிட்டால்தான் அதிசயம். நல்ல வேளையாக 1வதும் 18வதும் ஒரே ஃபேர்வே, 100 யார்டுக்கு மேல் அகலம். 376 யார்டு பார் 4 (நாலு ஷாட்டில் முடிக்க வேண்டிய ஹோல்), டிரைவர் என்ற நீள மட்டை தேவையே இல்லை. அதைவிடச் சின்ன ஹைபிரிட் எடுத்து, தூரத்தில் இடது பக்கம் தெரியும் ஸ்வில்கன் பாலத்தைப் பார்த்து அடியுங்கள். வலது பக்க வேலிக்கு அப்பால் போனால் மட்டும்தான் தண்டனை.

இரண்டாவது ஷாட்தான் விஷயம். கிரீனுக்கு முன்னால், ஒட்டினாற்போல ஸ்வில்கன் ஓடை. கொடி முன்பக்கம் வைத்திருந்தால் எல்லோரும் கணக்காக அடிக்கப் பார்த்துத் தண்ணீரில் போடுகிறார்கள். கிரீனுக்குப் பின்னால் எந்த ஆபத்தும் இல்லை சார், அதனால் ஒரு கிளப் கூடவே (இன்னும் தூரம் போகும் மட்டை) எடுங்கள், கொடியைத் தாண்டிப் போனாலும் பரவாயில்லை. இதை எனக்கு ஒரு கேடி (மட்டைப் பையைத் தூக்கி வந்து வழி சொல்பவர்) முதல் நாளே சொன்னார், நான் கேட்கவில்லை, ஸ்கோர் கார்டில் 7 எழுதினேன்.

கேள்வி (பெங்களூரு): 2 முதல் 6 வரை?

பதில்: ஐந்துக்கும் சேர்த்தே சொல்லிவிடலாம். வலது பக்கம் முட்புதர், டீயிலிருந்து பார்த்தால் ஃபேர்வே எங்கே இருக்கிறது என்றே புரியாது, அதற்காகப் பயப்பட வேண்டாம், இடது பக்கம் இடம் இருக்கிறது. 3வது சின்ன பார் 4, அதில் கிரீனுக்கு இடது பக்கம் காத்திருக்கும் கார்ட்கேட் பங்கரை மட்டும் மறக்காதீர்கள். 5வது பார் 5, வலது பக்கம் ஏழு பங்கர்கள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும், கிரீனுக்கு முன்னே ஸ்பெக்டக்கிள்ஸ் என்று மூக்குக்கண்ணாடி போல இரண்டு. மூன்று ஷாட்டில் போகிற ஹோல் அது, இரண்டில் போக ஆசைப்படாதீர்கள். 6வதில் டீயிலிருந்து ஒன்றும் தெரியாது, கேடி காட்டும் திசையை நம்பி அடிப்பதுதான்.

கேள்வி (டொராண்டோ): ஒரே கிரீனில் இரண்டு கொடி என்றால் குழப்பம் வராதா?

பதில்: முதல் தடவை எனக்கு வந்தது. 1, 9, 17, 18 தவிர மற்ற எல்லா ஹோலும் ஜோடி ஜோடியாகக் கிரீனைப் பகிர்ந்துகொள்கின்றன. மொத்தம் ஏழு இரட்டைக் கிரீன், ஜோடி எண்களைக் கூட்டினால் எப்போதும் 18 வரும். 2க்கு 16, 5க்கு 13, 7க்கு 11 என்று. போகும்போது வெள்ளைக் கொடி, வரும்போது சிவப்பு. இவ்வளவு நினைவிருந்தால் போதும். ஆட்டத்துக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் வேறு: இந்தக் கிரீன்கள் அவ்வளவு பெரியவை என்பதால் 'கிரீனில் விழுந்தது' என்று சந்தோஷப்பட முடியாது, குழி இன்னும் 40 யார்டு தள்ளி இருக்கலாம். முந்தின நாள் பயிற்சிக் கிரீனில் நீள புட்டை மட்டும் அரை மணி நேரம் அடித்துப் பாருங்கள், ஆறடி புட்டை விட்டுத்தள்ளுங்கள்.

கேள்வி (ஷார்ஜா): கிரீனுக்கு வெளியே 30 யார்டில் பந்து கிடந்தால் சாண்ட் வெட்ஜா (பந்தை உயரத் தூக்கும் மட்டை)?

பதில்: புட்டர் (கிரீனில் உருட்டும் மட்டை). சிரிக்காதீர்கள். மணல் தரை, ஒட்ட வெட்டிய புல், தரை கெட்டியாக இருக்கும். வெட்ஜின் அடிப்பாகம் தரையில் பட்டுத் துள்ளிப் பந்தின் மண்டையில் இடிக்கும், பந்து கிரீனைத் தாண்டி ஓடிவிடும். 9வது ஹோலில் கிரீனும் ஃபேர்வேயும் ஒரே மட்டம், அங்கே 40 யார்டிலிருந்துகூட புட்டரில் உருட்டியிருக்கிறேன். துபாய் பக்கம் பச்சைப்பசேல் மைதானங்களில் ஆடிப் பழகியவர்களுக்குத்தான் இது கொஞ்சம் கஷ்டம், பந்தைத் தூக்கி அடித்தே பழகியிருப்பார்கள்.

கேள்வி (மதுரை): 7 முதல் 12 வரை சுலபம் என்கிறார்களே, அங்கேதான் ஸ்கோர் எடுக்க வேண்டுமா?

பதில்: காற்று சும்மா இருந்தால் ஆமாம். 9, 10 இரண்டும் சின்ன பார் 4, நேராக அடித்தால் போதும். 8வது பார் 3, முன்னால் ஒரு பங்கர், அதைத் தாண்டும்படி ஒரு கிளப் கூட. 7வதும் 11வதும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன, அதனால் 11வது டீயில் ஆள் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அடியுங்கள்.

11வதைச் சுலபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2022 ஓப்பனில் (பெரிய பிரிட்டிஷ் கோல்ஃப் போட்டி) 174 யார்டு, வெறும் பார் 3. கிரீன் பின்னாலிருந்து முன்னால் சரிந்து இறங்குகிறது, முன்பக்கம் ஸ்ட்ராத் பங்கர், இடது பக்கம் ஹில் பங்கர், பின்னால் கழிமுகக் காற்று. 1921 ஓப்பனில் இளம் பாபி ஜோன்ஸ் இந்த ஹோலில் பங்கரில் மாட்டி, வெறுத்துப்போய் ஆட்டத்தையே விட்டுவிட்டார். அதே மனிதர் 1927ல் அதே மைதானத்தில் ஓப்பன் ஜெயித்தார், இப்போது 10வது ஹோலுக்கு அவர் பெயர். நம் வழி என்ன என்றால், கொடியைத் தாண்டவே கூடாது. மேலே நின்று கீழ்நோக்கிப் புட் அடித்தால் பந்து கிரீனை விட்டே ஓடிவிடும். முன் விளிம்புக்குக் குறைவாக நின்றாலும் சரி, அங்கிருந்து மேல்நோக்கி உருட்டி 4 எடுத்தால் லாபம் என்று நினையுங்கள்.

12வதில் டீயிலிருந்து பார்த்தால் ஒரு பங்கரும் தெரியாது, ஃபேர்வே நடுவிலேயே ஒளிந்திருக்கும். காரணம் சுவாரசியமானது. பழைய காலத்தில் இந்த மைதானத்தை எதிர்த்திசையிலும் ஆடினார்கள், அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவனுக்கு அவை நன்றாகத் தெரியும்.

கேள்வி (திருச்சி): பங்கரில் விழுந்துவிட்டால் எப்படி எடுப்பது?

பதில்: பக்கவாட்டில், இல்லையென்றால் பின்னால். மைதானத்தில் 112 பங்கர்கள் இருக்கின்றன, புல்கட்டிகளை அடுக்கிச் சுவர் எழுப்பியிருப்பார்கள், பந்து சுவரோரம் கிடந்தால் முன்னால் போக வழியே இல்லை. ஒரு ஷாட் போனதுதான் என்று ஒத்துக்கொண்டால் ஒன்றோடு போகும், வீரம் காட்டினால் நாலு போகும். 2000 ஓப்பனில் டைகர் உட்ஸ் நாலு நாளும் ஒரு பங்கரில்கூட விழாமல் 19 அண்டரில் (பாரைவிட 19 ஷாட் குறைவு) ஜெயித்தார். பந்தை வெகுதூரம் அடித்ததைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள், எனக்கு அந்த முதல் விஷயம்தான் பெரிதாகத் தெரிகிறது.

கேள்வி (சிங்கப்பூர்): 14வதில் ஹெல் பங்கரைத் தாண்டி அடிக்கலாமா? 220 யார்டு அடிப்பேன்.

பதில்: 1995ல் ஜாக் நிக்லாஸ் அதே ஹோலில் 10 எழுதினார், ஹெல்லிலிருந்து வெளியே வரவே நாலு ஷாட். சரி, இனி நீங்கள் முடிவு செய்யுங்கள்.

விஷயத்துக்கு வருவோம். பெரிய டீயிலிருந்து 600 யார்டுக்கு மேல் நீளமான பார் 5. வலது பக்கம் மதில், இடது பக்கம் பியர்டீஸ் என்ற பங்கர்கள், நடுவில் எலிசியன் ஃபீல்ட்ஸ் என்று சமமான புல்வெளி. முதல் ஷாட் மதிலுக்குப் பயந்து கொஞ்சம் இடது, ஆனால் பியர்டீஸ் வரை போகாமல். இரண்டாவது ஷாட்டை நேராக அடிக்கவே வேண்டாம், இடது பக்கம் 5வது ஹோலின் ஃபேர்வேக்குப் போய்விடுங்கள், ஹெல் உங்களுக்கு வலது பக்கம் ஒதுங்கிவிடும். மூன்றாவது ஷாட்டில்தான் ஒரு தந்திரம் இருக்கிறது: கிரீனுக்கு முன்னால் ஒரு மேடு, கிரீனோ பின்னால் சரிகிறது, பந்தை மேலே தூக்கி இறக்கினால் நிற்காமல் பின்னால் போய்விடும். 8 அயர்ன் மட்டையில் தாழ்வாக அடித்து மேட்டின்மேல் ஓடவிடுங்கள். நான் போகியோடு (பாரைவிட ஒரு ஷாட் கூட) வெளியே வந்த நாட்களில் எல்லாம் இப்படித்தான் வந்தேன்.

13வதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: நடுவில் காஃபின்ஸ், சவப்பெட்டி என்று பெயர் வைத்த பங்கர்கள், அங்கேயும் இடது பக்கம்தான்.

கேள்வி (கொழும்பு): எங்கள் ராயல் கொழும்பு மைதானத்துக்குள்ளேயே ரயில் ஓடுகிறது. ஓல்டு கோர்ஸிலும் ரயில் பாதை உண்டாமே?

பதில்: இருந்தது. 1969ல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பாதையை மூடிவிட்டார்கள், ஆனால் பாதை இருந்த இடம் இன்னும் 16வது ஹோலின் வலது எல்லை. ஃபேர்வே நடுவில் பிரின்சிபல்ஸ் நோஸ் என்று மூன்று பங்கர் கூட்டம். அதற்கும் ரயில் எல்லைக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது, அதில் அடித்தால் கிரீனுக்கு அருமையான வழி கிடைக்கும். அந்தச் சந்தில் போக நினைத்து இரண்டு பந்தைத் தொலைத்திருக்கிறேன். இடது பக்கம் போங்கள், 5 எழுதுங்கள். 15வது அவ்வளவு கஷ்டமில்லை, தூரத்துத் தேவாலயக் கோபுரத்தைப் பார்த்து இரண்டு மேடுகளுக்கு நடுவே அடித்தால் போதும்.

கேள்வி (சேலம்): 17வது, ரோடு ஹோல். டிவியில் பார்த்தாலே பயம். என்ன செய்வது?

பதில்: அதை பார் 5 என்று நினைத்துக்கொள்ளுங்கள் ஐயா, பாதிப் பயம் போய்விடும். கார்டில் பார் 4, 2010 ஓப்பனுக்கு டீயைப் பின்னால் தள்ளி 495 யார்டு ஆக்கிவிட்டார்கள், நம்மை அவ்வளவு பின்னால் நிற்க வைக்க மாட்டார்கள். டீயில் நின்றால் முன்னால் ஹோட்டலின் ஷெட் சுவர் மறைக்கும், அதில் ஹோட்டல் பெயர் எழுதியிருக்கும், எந்த எழுத்துக்கு மேலே அடிப்பது என்று கேடிகள் சொல்வார்கள். பந்து வலது பக்கம் வளைந்து போகும் ஸ்லைஸ் ஆட்டக்காரர் என்றால் எழுத்துக்கே இடது பக்கம்.

இரண்டாவது ஷாட் கிரீனுக்குக் கொஞ்சம் முன்னால், வலது முனையில் நிற்க வேண்டும். கிரீன் குறுக்குவாட்டில் ஒல்லியாகக் கிடக்கிறது, முன்னால் இடது பக்கம் ரோடு பங்கர், பின்னால் சாலை, அதற்கும் பின்னால் கல் மதில். சாலையில் பந்து நின்றால் அப்படியே ஆட வேண்டும், சலுகை கிடையாது. 1984ல் டாம் வாட்சன் 2 அயர்னில் அடித்த பந்து கிரீனைத் தாண்டி மதிலோரம் போய் நின்றது, ஓப்பனும் அதோடு போனது. 1978ல் ஜப்பானின் நகாஜிமா இரண்டே ஷாட்டில் கிரீனுக்கு வந்துவிட்டார், அங்கிருந்து அடித்த புட் வளைந்து இறங்கி ரோடு பங்கரில் விழுந்தது, வெளியே வர நாலு ஷாட், கார்டில் 9. புட் அடித்துப் பங்கரில் விழ முடியும் என்பதை இங்கேதான் நம்ப முடிகிறது. அதனால் மூன்றாவது ஷாட்டிலும் கொடியைப் பார்க்காதீர்கள். 2022ல் கேமரன் ஸ்மித் கடைசி நாள் பங்கருக்குப் பின்னால் மாட்டியபோது வெட்ஜ் எடுக்கவில்லை, புட்டரில் பங்கரைச் சுற்றி உருட்டி, பார் எடுத்து, கோப்பையையும் எடுத்துக்கொண்டு போனார். பதினான்கு ரவுண்டில் எனக்கு இங்கே ஒரே ஒரு பார்தான், அதுவும் இருபது அடி புட் தற்செயலாக விழுந்தது.

கேள்வி (தஞ்சாவூர்): கடைசி ஹோல்?

பதில்: எவ்வளவு வேண்டுமானாலும் இடது பக்கம் அடியுங்கள், வலது பக்கம் வீடுகளும் கடைகளும். கிரீனின் முன் இடது மூலையில் வேலி ஆஃப் சின் (பாவப் பள்ளத்தாக்கு) என்ற பள்ளம், குறைவாக அடித்தால் பந்து அதில் திரும்பி வந்துவிடும். முதல் ஹோல் மாதிரியே ஒரு கிளப் கூட. பள்ளத்தில் விழுந்தாலும் புட்டர்தான், 1995ல் இத்தாலியின் ரொக்கா அங்கிருந்து உருட்டி உள்ளே போட்டுத்தான் ஜான் டேலியோடு சமன் செய்தார், சமனை முறிக்கும் பிளே ஆஃபில் தோற்றது வேறு கதை. கடைசி சின்னப் புட்டை அவசரமாக அடிக்காதீர்கள், 1970ல் டக் சாண்டர்ஸ் மூன்றடிகூட இல்லாததைத் தவறவிட்டு, மறுநாள் நிக்லாஸிடம் கோப்பையை விட்டார்.

கேள்வி (கோவை, மறுபடியும்): காற்று பற்றிச் சொல்லவே இல்லையே?

பதில்: 2010ல் ரோரி மெக்கில்ராய் முதல் நாள் 63, மறுநாள் காற்றில் 80. அவருக்கே 17 ஷாட் வித்தியாசம் என்றால் நாம் என்ன கணக்குப் போடுவது? எதிர்காற்றில் இரண்டு மூன்று கிளப் கூட எடுத்து மெதுவாக அடியுங்கள், அவ்வளவுதான்.

கேள்வி (சென்னை): மனைவி கோல்ஃப் ஆட மாட்டார், ஞாயிறும் திங்களும் அங்கே இருப்போம். திங்கள்தான் ஆட்டம். ஞாயிறு என்ன செய்ய?

பதில்: பெரிய போட்டி இல்லாத ஞாயிறுகளில் ஓல்டு கோர்ஸில் ஆட்டம் கிடையாது, ஊர்மக்கள் நாயைக் கூட்டிக்கொண்டு உலாவுவார்கள். இரண்டு பேரும் 18வது கிரீனில் ஆரம்பித்துப் பின்பக்கமாக, 17, 16, 15 என்று நடந்து போங்கள். டீயிலிருந்து தெரியாத பங்கர்கள் எல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து வாயைத் திறந்துகொண்டு நிற்கும், கார்டின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். 12வது வரைக்கும் போனால் போதும், அதற்குள் காதில் காற்று அடித்து உங்கள் மனைவியே திரும்பலாம் என்பார்.