மொரிஷியஸில் எதிர்பாராமல் எதிர்ப்படும் தமிழ்: பயணிகளின் கேள்விகளும் என் பதில்களும்

காரைக்குடியில் பிறந்து, கல்யாணமாகி இங்கே குவாத்ர் போர்ன் ஊருக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. மொரிஷியஸ் போய்வந்தவர்களும் போகப்போகிறவர்களும் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, பணம் மாற்றியபோது ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். எப்படி வந்தது? (சேலத்திலிருந்து ஒரு தம்பி)

எல்லாரும் அங்கேதான் முதலில் நிற்கிறார்கள் தம்பி. வரிசையையும் கவனித்தீர்களா? ஆங்கிலம், அடுத்து தமிழ், அதற்கப்புறம் இந்தி. 1998-இல் வந்த புது நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். இங்கிருக்கும் தமிழர்கள் கொதித்து எழுந்தார்கள். கடைசியில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். 1834-க்குப் பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகள் கப்பல் கப்பலாக வந்தார்கள். அதற்கு நூறு வருடம் முன்பே, பிரெஞ்சுக்காரர் காலத்தில், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தனாரும் தச்சரும் வந்து தலைநகர் போர்ட் லூயிஸைக் கட்டியிருக்கிறார்கள். முதலில் வந்தவர்கள் நாங்கள், அதனால் தமிழ்தான் முன்னால் என்பது இங்கிருக்கும் தமிழர்கள் வாதம். நியாயம்தானே?

டாக்ஸிக்காரர் "நீங்கள் இந்துவா, தமிழா?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வது? (மதுரையிலிருந்து ஒரு சகோதரி)

"தமிழ்" என்று சொல்லுங்கள். இங்கே இந்து என்றால் பீகார்ப் பக்கத்திலிருந்து வந்த போஜ்புரி, இந்தி வழியினர். தமிழ், தெலுங்கு, மராத்தி எல்லாம் தனித்தனி. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்கூட மதம் என்ற இடத்தில் தமிழ் என்று எழுதுகிறவர்கள் உண்டு.

இது தெரியாமல் நான் பட்டிருக்கிறேன். மகளைப் பள்ளியில் சேர்க்கும்போது மதம் என்ற கட்டத்தில் இந்து என்று எழுதிவிட்டேன். அவளை இந்தி வகுப்பில் உட்காரவைத்துவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து வீட்டுப்பாட நோட்டைத் திறந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. மறுநாளே போய் மாற்றிக்கொண்டு வந்தேன்.

உங்களால் மறக்கவே முடியாத அனுபவம் எது? (ஈரோட்டிலிருந்து ஒருவர்)

சந்தையில் கீரை வாங்கியது. வந்த புதிது, பிரெஞ்சும் தெரியாது, பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்த ஊர்ப் பேச்சுமொழி கிரியோலும் தெரியாது. முருங்கைக்கீரையைக் கைகாட்டி, இது என்ன விலை என்று ஆங்கிலத்தில் தடுமாறினேன். ஆப்பிரிக்க வழியில் வந்த கிரியோல் பாட்டி ஒருவர் ஒரு கீரைக்கட்டை எடுத்து நீட்டி, "ப்ரேத் மூரூம்" என்றார். ப்ரேத் என்றால் கீரை. மூரூம்? முருங்கை! அப்படியே கூடை கூடையாகக் கேட்டுக்கொண்டே போனேன். பீர்க்கங்காய் "பிப்பங்காய்" ஆகியிருந்தது. கொத்தமல்லி "கொத்தோமிலி". கறிவேப்பிலை "கரிபூலே". வீட்டில் வைக்கும் ரசத்துக்குப் பெயர் "ரஸோன்".

அந்தப் பாட்டிக்கு அவையெல்லாம் தமிழ் என்று தெரியாது, அவை அவருடைய சொற்கள். காய்கறிப் பையோடு வீட்டுக்கு வந்து அழுதேன். ஊரை விட்டு வந்த ஏக்கத்தில் இருந்தவளுக்கு, எனக்கு முன்னாலேயே யாரோ இந்தச் சொற்களைக் கப்பலேற்றி அனுப்பிவைத்த மாதிரி இருந்தது. மொரிஷியஸ் வந்தால் கடற்கரைக்கு ஒரு நாள் குறைந்தாலும் பரவாயில்லை, சந்தைக்குப் போய்விடுங்கள்.

தெருக்கடையில் தால் பூரி ஒன்று கேட்டேன், இரண்டு கொடுத்தார். ஏமாற்றுகிறாரா?

இல்லை. தால் பூரி என்பது பருப்பு வைத்த மெல்லிய ரொட்டி, இங்கே அது ஜோடியாகத்தான் விற்கும். கேட்கும்போதே "என் பேர்" என்பார்கள், ஒரு ஜோடி என்று அர்த்தம். உள்ளே மொச்சைக் குழம்பு, ருகாய் என்கிற தக்காளித் தொக்கு, சட்னி வைத்துத் தாளில் சுருட்டிக் கொடுப்பார்கள். காரம் வேண்டாம் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அர்மூகம் என்று ஒரு அம்மாவுக்குப் பெயர். ஆறுமுகமாம்! தமிழில் பேசினால் ஒரு வார்த்தை புரியவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. (சென்னையிலிருந்து ஒருவர்)

தயவுசெய்து சிரிக்காதீர்கள். அது அந்த அம்மாவின் பாட்டனுக்குப் பாட்டன் பெயராக இருக்கும். கப்பலில் வந்தவர் சொன்னதை, எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிவைத்தார். அதுவே குடும்பப் பெயராகிவிட்டது. வீரப்பன் "வீராபென்" ஆனார், வேலாயுதன் "வலாய்தென்" ஆனார். சர்ச்சுக்குப் போகிற குடும்பங்களிலும் இப்படித் தமிழ்ப் பெயர்கள் உண்டு. பேச்சு போய்விட்டது, உண்மைதான். ஆனால் அதே ஆட்கள் ரோமன் எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு கோவிலில் தேவாரம் பாடுவதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். ஒரு எழுத்து விடமாட்டார்கள். அடுத்த முறை பார்த்தால் "வணக்கம்" சொல்லுங்கள், முகம் மலர்ந்துவிடும்.

தைப்பூசத்துக்கு வரலாமா? புயல் காலம் என்கிறார்களே? (திருச்சியிலிருந்து ஒரு குடும்பம்)

கட்டாயம் வாருங்கள். இங்கே அது காவடித் திருநாள், நாடு முழுக்க அரசு விடுமுறை. புயல் நவம்பரிலிருந்தே வரலாம் என்பதால் திரும்பும் தேதியில் இரண்டு நாள் தளர்வு வையுங்கள். எச்சரிக்கை நான்கு படி. மணிக்கு 120 கிலோமீட்டர் காற்று வரப்போகிறது என்றால் மூன்றாம் படி அறிவிப்பார்கள். அப்புறம் வெளியே காலெடுத்து வைக்கக்கூடாது.

காவடி எடுப்பவர்கள் பத்து நாள் விரதம் இருப்பார்கள். குவாத்ர் போர்னில் மலைமேல் முருகன் கோவிலுக்குப் படியேறும் கூட்டத்தோடு நீங்களும் ஏறுங்கள். கீழே வந்தால் வாழையிலையில் ஏழு கறி சாப்பாடு. மேலே ஒன்றை மட்டும் தவறவிடாதீர்கள்: அவ்வளவு வெயிலில் சுமந்து வந்த சொம்பைத் திறக்கும்போது, பால் திரியாமல் இருக்கிறதா என்று வீட்டார் எல்லாரும் தலையை நீட்டிப் பார்ப்பார்கள்.